ஆறு தாண்டும் கூப்பாடு

செஞ்சி மலைப் பக்கம் மேய்ச்சல் தீர்ந்ததும், தை அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளைக் கிடை போட்டுக்கொண்டே தெற்கே இறங்குவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வயலில் கிடை. பெண்ணையாற்றைத் தாண்டிவிட்டால் புல் கிடைக்கும், ஆடுகள் பிழைத்துக்கொள்ளும். எங்களுக்கு நிலமோ வீடோ கிடையாது. மந்தைதான் எல்லாம்.

பட்டணத்தில் பேசும்படம் வந்துவிட்ட காலம். எங்கள் பக்கம் இன்னும் ஊமைப்படம்தான். பாதைக்கு அந்தப் பக்கம் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். திரையருகே நின்று கதை சொல்லும் சவுரிராயன் ஆட்டுப்பால் வாங்க வந்தவர், பனிமலை தேசத்தில் எங்களைப் போலவே மந்தை ஓட்டுகிறவர்களின் படம் வந்திருக்கிறது என்றார். என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஜல்தியா வந்துடறேன், சின்னபொண்ணு. நீ கிடையப் பாத்துக்கினு இரு" என்று பொழுது சாயும்போதே போய்விட்டார். எதற்கும் ஆசைப்படாத மனுஷன். எப்படித் தடுப்பேன்?

கொட்டகையில் நடந்ததைச் சவுரிராயன்தான் பிறகு சொன்னார். படத்தில் ஆறு வந்ததாம். முன்னால் போன கிடா நடு வெள்ளத்தில் மிரண்டு திரும்ப, பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தத்தளித்தனவாம். என் வீட்டுக்காரர் எழுந்து, வாயருகே கையைக் குவித்துக் கூப்பாடு கொடுத்துவிட்டார்.

ஆற்றங்கரையில் மட்டும் கொடுக்கிற கூப்பாடு அது. குட்டியிலிருந்தே பழக்கியிருந்தார். அந்தக் குரல் கேட்டால், எதிரே என்ன இருந்தாலும் ஆடு நேரே அவரிடம் போகும்.

அது கேட்டதும் கிடையில் படுத்திருந்த மந்தை மொத்தமும் எழுந்தது. சுற்றிக் கட்டியிருந்த வேலிப் படலை முட்டித் தள்ளிக்கொண்டு ரயில் பாதையில் ஏறியது. கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. குறுக்கே ஓடிக் கத்தினேன், கம்பால் அடித்தேன். என் குரலை அவை சட்டை செய்யவேயில்லை. வண்டி போன பிறகு, சினை ஆடுகளோடு பாதி மந்தை செத்துக் கிடந்தது.

படத்து ஆட்டை நிஜ ஆடென்று நம்பிய பட்டிக்காட்டான் என்று ஊரே சிரித்தது. எனக்கும் அவர்மேல் வயிறு எரிந்தது. ஆனால் சிரித்தவர்கள்மேல் அதைவிடக் கோபம். வாயில்லா ஜீவன் வெள்ளத்தில் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு பொரி தின்றார்களே, அவர்களும் மனுஷர்களா?

மிச்சத்தை ஓட்டிக்கொண்டு பெண்ணையாற்றுக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீர். அவர் இறங்கி நின்றார். ஆடுகள் கரையிலேயே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"கூப்புடுங்க" என்றேன்.

"எந்த வாயால கூப்புடறது?" என்றார்.

கரையேறி வந்து ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கரைக்கு நடந்தார். இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.