பலகைக்குக் கீழே

ரூபியின் கழுத்துப்பட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டிவிட்டு மெட்டில்டா கிணற்றடியில் வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று சனிக்கிழமை. மறுநாள் கோயிலுக்குப் போகிற வீட்டில் எல்லாரும் முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும் என்பது அவள் புருஷன் ஐசக் வைத்த சட்டம். அந்த எல்லாரிலும் நாய் சேர்த்தி. ஐசக் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் சட்டம் போகவில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், சிவப்பு சோப்பு. ரூபி காதை மடக்கிக்கொண்டு, முட்டி போடச் சொன்ன பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. கடைசிச் செம்பு விழுந்ததும் உடம்பை உதறி அவள் புடவையை நனைத்துவிட்டு, திறந்திருந்த கேட் வழியே ஏரிப் பக்கம் ஓடியது. ஓடட்டும், வெயிலில் காய்ந்துகொண்டு வரும். ஈரக் கழுத்தில் தோல் பட்டையைக் கட்டினால் புண் வரும். கொடியில் பட்டையின் பித்தளை லைசென்ஸ் வில்லை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்தால் அந்த ஏரிக்கரையோடு ரோடு முடிந்துவிடும். அங்கே நிலமெல்லாம் ஏகநாதனுடையது. நெல் போட்டுக்கொண்டிருந்தவர் கல் நட்டு மனை போட்டார். முதல் மனையை வாங்கியவர்கள் ஐசக்கும் மெட்டில்டாவும்தான். வீட்டு ஜெபத்தன்று ஏகநாதன் தன் மாட்டுக்கொட்டகையில் பிறந்த குட்டியொன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். "தனி வூடு சார். ஒரு சத்தமாச்சும் இருக்கட்டும்." அதிலிருந்து காலையில் இருவரும் கரைமேல் நடப்பார்கள், நடுவில் ரூபி. அறுவடைக் கழனியில் மேய்க்க வந்த வாத்துக்காரன் விட்டுப்போன ஏழெட்டு வாத்துகள் ஏரியிலேயே தங்கிவிட்டிருந்தன. ஐசக் அவற்றுக்குப் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். அமாவாசை என்றால் ஏகநாதன் மீன்களுக்குப் பொரி போடுவார். பையை உதறி முடித்ததும், பேச்சை விடாமல், கீழே பார்க்காமல், வலது கையை முழங்கால் உயரத்துக்கு இறக்குவார். உள்ளங்கையில் ஒட்டிய பொரியை ரூபி நக்கி எடுத்துவிடும்.

புது வீடுகளின் கழிவுநீர் விழ ஆரம்பித்த பிறகுதான் ஏரி நாறியது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லார் வீட்டுக் குழாயும் அங்கே போய்த்தான் முடிந்தது என்பதால் நகர் சங்கக் கூட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழி, தண்ணீரில் ஊறிக் கிடந்த ரொட்டிமேலும் நாய்களின்மேலும் விழுந்தது. சங்கத் தலைவர் என்ற முறையில் ஏகநாதன் மெட்டில்டாவின் வீட்டுக்கு வந்து, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு போர்டு வெக்கலாம்னு பாக்குறோம் டீச்சர். வாத்துக்குத் தீனி போடக் கூடாது. நாய் அசிங்கம் பண்ணா வளக்கறவங்களே எடுக்கணும். வில்லை இல்லாத நாய முனிசிபாலிட்டி வண்டிக்காரன் புடிச்சிகினு போலாம். நீங்க மொதல்ல சரின்னுட்டா மத்தவன் வாயத் தொறக்க மாட்டான்."

"உங்க பொரி, அண்ணா?"

அவர் சிரித்தார். "அது சாமி காரியம். அது இதுல வராது."

"ரூபி?"

"அது நம்ம வூட்டுப் பொண்ணு டீச்சர். வண்டி வர்ற அன்னிக்கு நானே வந்து கதவத் தட்டிச் சொல்றேன். போதுமா?"

போதும் என்றுதான் மெட்டில்டாவுக்குத் தோன்றியது. ஐசக்கின் வாத்துகளை விட்டுக்கொடுத்து ஐசக்கின் நாயை வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் முதல் கையை அவளே தூக்கினாள். கரையில் பலகை நட்டார்கள். மறுநாளிலிருந்து பழைய பேப்பரும் தகர முறமுமாக ரூபியின் பின்னால் நடந்தாள். மாட்டுக்குப் புல் அறுக்க வரும் கிளியம்மாளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா, பெத்த புள்ளைக்குக்கூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டே போலகீதே!"

"பெத்திருந்தா செஞ்சிருப்பேன், கிளி."

கிளியம்மாள் அதற்கப்புறம் அந்தக் கேலியைச் செய்யவில்லை. வாத்துகள்தான் விடவில்லை. மெட்டில்டா கரைமேல் நடக்க நடக்க, தண்ணீரில் அவளோடு கூடவே நீந்தி வந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, குளிப்பாட்டிய வாளியை அவள் கவிழ்த்து வைப்பதற்குள் கிளியம்மாள் கையில் அரிவாளோடு ஓடிவந்தாள்.

"ரூபிய வண்டில போட்டுகினு பூட்டாங்க டீச்சரம்மா!"

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். மனை பார்க்க யாரோ காரில் வந்திருந்தார்கள். ஏகநாதன் அவர்களுக்குக் கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். நாய் வண்டி வந்ததும் ரூபி கயிற்றுக்குத் தப்பி நேராக அவரிடம்தான் ஓடியது. மண்ணில் புரண்ட ஈர உடம்போடு அவர் வேட்டியில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது.

"வண்டிக்காரன் கேட்டான், 'உன் வூட்டு நாயாண்ணே, பட்டை இல்லியே'ன்னு. நான் அந்தாண்ட கரைலேர்ந்து கத்துறேன், டீச்சர் வூட்டு நாயிடான்னு. எவன் காதுல வுழும்? அவரு வேட்டியத் தட்டிகினே, 'தெர்லப்பா, தெரு நாயி'ன்னுட்டாரு."

நனைந்த புடவையோடு, கொடியிலிருந்த பட்டையை உருவிக்கொண்டு மெட்டில்டா பஸ் ஏறினாள். கிளியம்மாளும் கூட வந்தாள். பிடித்த நாய்களைக் கொல்லும் கொட்டடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கூண்டுகளைக் கழுவி விட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அரை நாள், வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்றான் அங்கிருந்த ஆள். அவள் கையில் இருந்த வில்லையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட வுட்டிருப்போமேம்மா."

மறுநாள் சாயங்காலம் ஏகநாதன் சாத்துக்குடிப் பையோடு வந்தார். துக்கம் விசாரிக்கிறவரைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வண்டி வர்றது எனக்கே தெரியாது டீச்சர், சத்தியமா. பார்ட்டி பக்கத்துல நின்னுகினு கீறான். இந்தக் கரைல நாய்த் தொல்லையே இல்லன்னு அப்பதான் சொல்லிகினு இருந்தேன். வாய் தவறி வந்துடுச்சு." சாத்துக்குடிப் பையை மேஜைமேல் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்களும் பட்டையப் போட்டு அனுப்பியிருக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் நேற்றிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்ததுதான். ஆனால் அதைச் சொல்ல இவருக்கு வாய் வந்ததே என்று இருந்தது. அவர் சொன்ன பொய்யைக்கூட விட்டுவிடலாம். கரை நிறைய ஆட்கள் நின்றிருந்தும், இந்த மனிதரிடம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அது ஓடியிருக்கிறதே, அதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை.

"அதோட பேர் என்ன, அண்ணா?" என்று கேட்டாள்.

ஏகநாதன் நிமிர்ந்து பார்த்தார். வேட்டியின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு, "கொட்டாயில இன்னொரு குட்டி கீது டீச்சர்" என்றார்.

"பழத்தை எடுத்துட்டுப் போங்க."

மனை விற்றது. வாங்கியவர் சீக்கிரமே அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். பலகைக்கு நீலப் பெயிண்ட் புதிதாக அடித்தார்கள். மெட்டில்டா வெறுங்கையோடு நடப்பதை மட்டும் விடவில்லை.

அடுத்த அமாவாசையன்று கரையில் பனி இறங்கியிருந்தது. பலகைக்குச் சரியாகக் கீழே ஏகநாதன் பொரிப் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் புது மனைக்காரர். அஸ்திவாரத்துக்குள் தண்ணீர் ஊறுவதைப் பற்றி ஏதோ பேச்சு. பொரி விழுந்ததும் மீன்களுக்கு முன்னால் வாத்துகள் பாய்ந்து வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அள்ளின. யாரும் அவற்றை விரட்டவில்லை. ஏகநாதன் பையைக் கவிழ்த்து உதறினார்.

பிறகு, புது மனைக்காரரிடம் பேச்சை விடாமல், கீழே பார்க்காமல், வலது கையை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். விரித்த உள்ளங்கையில் நாலைந்து பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. மெட்டில்டா கடந்து போகும்வரை அந்தக் கை அங்கேயே நின்றது.