காளியாயி வீட்டுக்கு மேலே ஒரு டிராக்டர்

மயில்சாமியின் வலது பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. அதை எடுத்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஊரில் பாதிப்பேர் சோலியைப் போட்டுவிட்டு வந்து மேட்டில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஊறிப்போன சரிவில், மூக்கைக் கீழே தொங்கப்போட்டபடி டிராக்டர் நின்றது. அதன் முன்னால் ஒரு பேரிக்காய் மரம். ஆள் தொடைப் பருமன்கூட இல்லை. முழு வண்டியின் பாரத்தையும் மார்பில் வாங்கிக்கொண்டு, ஒடிவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் வளைந்து நின்றது. மரத்துக்கு நேர் கீழே காளியாயியின் தகரக்கூரை வீடு. வாசலில் காளியாயி கால் நீட்டி உட்கார்ந்து, விதைக்காகப் பூண்டை உடைத்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருங்களேன்" என்று மயில்சாமி மறுபடியும் கூப்பிட்டான்.

காளியாயி நிமிரவில்லை. "நான் ஏன் போகணும்? வந்தது நீயி."

அவன் அங்கே வந்ததற்கு நல்லசாமிதான் காரணம். காளியாயியின் கொழுந்தன். மேட்டு நிலம் அவருடையது. சரிவும் கீழ்நிலமும் அண்ணன் இறந்தபின் மதினி காளியாயிக்கு வந்தன. மேல்மலையில் யாருமே வைத்திராத ஒன்றைத் தான் வைத்திருக்க வேண்டும் என்று நல்லசாமிக்கு வெகுநாள் ஆசை. யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு டிராக்டரை வாங்கி, பாலசமுத்திரத்திலிருந்து மயில்சாமியையும் பேசிக் கூட்டிவந்தார். "மலையில பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டபோது, "மலையடிவாரத்துலதாண்ணே பொறந்தேன்" என்று மயில்சாமி சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாலசமுத்திரத்து வயல்கள் தாம்பாளம் மாதிரி இருக்கும். அங்கே அவன் டிராக்டர் ஏறி இறங்கிய பெரிய மலை, வாய்க்கால் வரப்புதான்.

இன்று வெள்ளனே மேட்டு நிலத்தின் ஓரத்தில் உழுதுகொண்டு திரும்பும்போது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குறுக்கே போனால் உருண்டுவிடும் என்று அவன் வயிறு சொன்னது. வயிறு சொன்னது சரிதான். மூக்கைச் சரிவுக்கு நேராகத் திருப்பினான். அதுவும் சரிதான். அதற்குப் பிறகு வேகம் கண்டு பயந்து கிளட்சை மிதித்தான் பாருங்கள், அங்கேதான் கெட்டது. அதுவரை எஞ்சின் பிடித்து வைத்திருந்த சக்கரங்கள், கயிறறுத்த கன்றுக்குட்டியாய் ஓடத் தொடங்கின. பிரேக்கில் ஏறி நின்றான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. கொழகொழத்த மண்ணில் வழுக்கிக்கொண்டே வந்து பேரிக்காய் மரத்தில் முட்டியது.

எஞ்சினை அணைத்துக் கியரைப் போட்டான். அந்தக் கியர் தேய்ந்தது. லேசாக ஆட்டம் கண்டால் தானாகக் கழன்றுகொள்ளும். மிதித்த பிரேக்கை மாட்டி வைக்கும் கொக்கியோ, வாங்கும்போதே இல்லை. நல்லசாமி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். கல்லும் சேர்ந்து சறுக்கியது. பச்சை யூக்கலிப்டஸ் கம்பு ஒன்றை வெட்டி, பிரேக்குக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். மயில்சாமி காலை எடுத்த மறுகணம் கம்பு வளைந்து நழுவ, வண்டி ஒரு சாண் இறங்கி, மரம் முனகியது. பாய்ந்து மிதித்தவன், அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

"யாரும் எதையும் தொடாதீங்க. வண்டிக்குக் கீழ யாரும் நிக்காதீங்க. மரம் வெட்டுற எடத்துல இரும்புக் கயிறும் கப்பியும் இருக்குன்னீங்கல்ல, அதை வெரசா கொண்டாங்கண்ணே. அதுவரைக்கும் நான் காலை எடுக்கமாட்டேன்."

நல்லசாமி அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓடினார். மயில்சாமி உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது, மேகம் வந்து மூடியது, மறுபடி வெயில் வந்தது. நல்லசாமியின் மனைவி பிச்சையம்மாள் ராகிக் களியும் அவரைக் குழம்பும் மோரும் கொண்டுவந்து, கோயிலுக்குப் படைப்பதுபோல் எட்ட நின்று நீட்டினாள். களியை வாங்கிக்கொண்டான், மோரை வேண்டாமென்றான். காரணத்தைச் சொல்லவில்லை. மேட்டிலிருந்த ஒருவர், "தம்பி, இப்படியே நிக்க வச்சு உழுதா கலப்பை எறங்குமா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மயில்சாமிக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தன்னுடையதாகத் தோன்றவில்லை. தொடை மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பெரிய பயம் தன்னைப் பற்றியல்ல. விழுவதற்கு முன் குதித்துவிடலாம். வாசலில் இருக்கிற அந்த அம்மாள் குதிக்கமாட்டாள் என்று நன்றாகத் தெரிந்தது.

"ஆத்தா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"ரெண்டு கையையும் எடுக்காத. பிடிச்சுக்க" என்றாள் காளியாயி. பிறகு, மேட்டிலிருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "இந்த வாசல் வழியா வண்டித்தடம் போடணும்னு நல்லசாமி எத்தனை வருசமா அலையுறான். கெஞ்சிப் பாத்தான், பஞ்சாயத்து வச்சுப் பாத்தான். இப்ப வண்டியவே உருட்டி விட்டுட்டு, எந்திரி மதினிங்கறான். நான் எந்திரிச்சா நாளைக்கே தடம். எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இது தானா உருண்டது ஆத்தா."

"நீ நல்லா நடிக்கிற."

மயில்சாமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டான், உடம்பு குலுங்கினால் கியர் கழன்றுவிடும்.

கொஞ்ச நேரம் கழித்துக் காளியாயி எழுந்தாள். மேட்டில் ஒரு சலசலப்பு. அவள் வெளியேறவில்லை, சுற்றிக்கொண்டு ஏறி, வண்டியின் பக்கவாட்டில் வந்து நின்று அவன் தொடையையே பார்த்தாள். பாயும் மீனைப் போல் அது துள்ளியது. புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கல்லாய் இறுகியிருந்தது.

"நடிப்புக்கு இப்படி ஆடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் உலக்கை இருந்தது. இரண்டு பக்கமும் பூண் போட்ட, கருத்து வழுவழுத்த உலக்கை.

"பச்சைக் கம்பு வளையத்தான் செய்யும். இது எங்காத்தா வீட்டுச் சீரு. வளையாது."

முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். உலக்கை நெடுகப் போய், இருக்கையைத் தாண்டி, மயில்சாமியின் மோவாயில் இடித்தது. பாதியாக வெட்டினால்தான் சரியாக இருக்கும் என்று மேட்டிலிருந்து ஒரே நேரத்தில் பல குரல்கள் வந்தன.

"உங்க வீட்டு உலக்கைய வெட்டுங்க" என்றாள் காளியாயி. ஒருவரும் உலக்கை எடுக்கப் போகவில்லை.

அவள் சிறிது நேரம் அதைப் பிடித்தபடி நின்றாள். கையால் அளந்து பார்த்தாள். பிறகு பிச்சையம்மாளைப் பார்த்து, "ரம்பம் இருந்தாக் கொண்டா" என்றாள். வருஷக்கணக்கில் ஓரகத்தியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிச்சையம்மாள் ஓடிய ஓட்டத்தில் குழம்புச் சட்டி உருண்டது. காளியாயியே அறுத்தாள். யாரையும் தொடவிடவில்லை. அறுத்து முடித்ததும் இரண்டு துண்டில் எது நல்லது என்று பார்ப்பதுபோல் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றை அவன் பாதத்துக்குப் பக்கத்தில் பிரேக்கின் மேல் ஊன்றி, மறுமுனையை இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் கொடுத்து, கல்லால் அடித்து இறுக்கினாள்.

"எடு."

மயில்சாமி முதலில் பெருவிரலை எடுத்தான். பிறகு மற்ற விரல்கள். பிறகு குதிகால். வண்டி அசையவில்லை. மேட்டுப் பக்கமாக இறங்கியவன், கால் இருக்கிறதென்று நம்பி ஊன்றி, இல்லையென்று கண்டு, சேற்றில் உட்கார்ந்துவிட்டான். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. பிறகு அவன் நொண்டிக்கொண்டே ஒரு புதரை நோக்கி அவசரமாகப் போனான்.

நல்லசாமி நான்கு ஆட்களோடு இரும்புக் கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. மேட்டிலிருந்த பெரிய நாவல் மரத்தில் கப்பியைக் கட்டினார்கள். கயிற்றின் ஒரு முனை டிராக்டரின் பின்பக்கம், தாழ்வாக. மறுமுனையில் இரண்டு ஜோடி மாடுகள். மாடு இழுக்கும்போது எஞ்சினும் பின்கியரில் சேர்ந்து ஏற வேண்டும். அதற்கு உலக்கையை எடுக்க வேண்டும். ஒருவன் மேலே ஏறி உட்கார வேண்டும்.

காலையில் மயில்சாமி அந்த இருக்கையில் இருந்தது இறங்க முடியாததால். இப்போது ஏற வேண்டும் என்றால் தானாக ஏற வேண்டும். எப்படியாவது கொடைக்கானல் போய்ப் பஸ் பிடித்தால் நாளைக்கு ஊரில் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் மலையில ஓட்டுனதே இல்ல."

நல்லசாமி அவனையும் டிராக்டரையும் பேரிக்காய் மரத்தையும் பார்த்தார். "அது தெரியுது தம்பி" என்றார்.

காளியாயி மறுபடி தன் வாசலில் போய் உட்கார்ந்திருந்தாள். "மதினி, கயிறு அறுந்தா நேரா உன் மேலதான் வரும், எந்திரி" என்று நல்லசாமி கெஞ்சினார். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மயில்சாமி சுற்றுவழியில் நொண்டி நொண்டிக் கீழே இறங்கினான். அவள் முன்னால் போய் நின்றான்.

"ஆத்தா, தடம் கிடமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க இங்கன உக்காந்திருந்தீங்கன்னா எனக்குக் காலு ஆடும்."

காளியாயி அவன் காலைப் பார்த்தாள். முறத்தை இடுப்பில் இடுக்கினாள், தொழுவத்திலிருந்து பசுவை அவிழ்த்தாள், மேடேறி வந்தாள். நல்லசாமியைத் தாண்டும்போது, "இந்தத் தம்பிக்காக எந்திரிச்சேன். ஒனக்காக இல்ல" என்று சொல்லிவிட்டுப் பிச்சையம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மயில்சாமி ஏறினான். பிரேக்கை மிதித்து, உலக்கைத் துண்டைத் தட்டி எடுத்து மேட்டுப் பக்கம் எறிந்தான். எஞ்சின் இருமிப் பிடித்தது. பின்கியர். மாடுகளை அதட்டும் சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. கயிறு மண்ணிலிருந்து எழுந்து விறைத்தது. கிளட்சை விடுகிற அந்த இடத்தில், இடது கால், தூக்கத்திலிருப்பவன் கால்போல் மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. சக்கரம் ஒருமுறை சுழன்று சேற்றை வாரி இறைத்தது. பிறகு பிடித்தது. பேரிக்காய் மரம் வண்டியிலிருந்து விடுபட்டு, பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது, முழுசாக இல்லை. குறுக்கே திருப்பாமல், கிளட்சைத் தொடாமல், வந்த வழியே அங்குலம் அங்குலமாக டிராக்டர் மேடேறிச் சமநிலத்தில் நின்றபோது, அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பனி விலகியபோதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மேட்டு நிலத்திலிருந்து காளியாயியின் வாசலுக்கு மேலே பேரிக்காய் மரம் வரை, சக்கரங்கள் கிழித்த இரண்டு ஆழமான கோடுகள். மணியான வண்டித்தடம். நல்லசாமி மேட்டில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். தடம் தானாகவே விழுந்துவிட்டதென்று முகம் சொல்லிக்கொண்டிருந்தது.

காளியாயியும் பார்த்தாள். உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து, பேரிக்காய் மரத்தடியில் கோடு தொடங்கும் இடத்தில் குனிந்தாள். சக்கரம் பிளந்த ஈர மண்ணில் ஒவ்வொரு பல்லாகப் பூண்டை ஊன்றி, மண்ணைத் தள்ளி மூடி, அடுத்ததற்கு நகர்ந்தாள். இடது கோட்டில் ஒன்று, வலது கோட்டில் ஒன்று. சரிவில் பாதி ஏறிவிட்டாள். பனியில் நனைந்த சேலை முழங்காலில் ஒட்டிக்கொண்டது. மயில்சாமி டிராக்டரின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிலத்தின் எல்லைக்கல்லுக்கு வந்தாள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மேலே நிற்கும் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு குனிந்து, கல்லைத் தாண்டி அடுத்த பல்லை ஊன்றினாள்.