என் பக்கத்து பிரேக்

என் வலது காலுக்கு என்னைவிடக் கோபம் அதிகம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் எல்லாமும் இருக்கும், என் பக்கம் ஒரே ஒரு பிரேக் மட்டும் இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமாக எங்கள் ஊர் ஜனங்களை உயிரோடு வீடு சேர்த்திருக்கிறேன். பஸ்ஸில் போனாலும் என் கால் தரையை மிதிக்கும். வீட்டு சோபாவுக்கு முன்னால் விரிப்பில் ஒரு இடம் நைந்து போயிருக்கிறது. டிவியில் வேகமாக வந்த கார்களுக்கெல்லாம் நான் போட்ட பிரேக் அது.

நன்றாகக் கற்றுக்கொண்டவர்களிடம் கடைசி வகுப்பில் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். "இனிமே நீங்க தனியாப் போகலாம்." அதற்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது. அதனால்தானோ என்னவோ, அதைக் கேட்டதும் மீசை வைத்த ஆண்கள்கூடக் கண் கலங்கியிருக்கிறார்கள்.

என் மகளிடம் மட்டும் அதைச் சொல்ல வாய்க்கவில்லை. பாதிப் பயிற்சியில், ஒரு நாற்சந்தியில், போகலாம் என்று அவள் நினைத்தாள். கூடாது என்று நான் நினைத்தேன். என் கால் மிதித்துவிட்டது. பின்னால் வந்த பால் வண்டி எங்களை லேசாக முட்டியது. அவள் இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் காரின் ஸ்டியரிங்கை அவள் தொடவில்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அங்கே யாரோ ஒருவரிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள். டாக்டர் வீட்டுப் பிள்ளை பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. இன்றைக்கும் சொல்கிறேன், அன்றைக்கு நான் மிதித்தது சரிதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை குடும்ப நாள் வைப்பார்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குடும்பத்தார் வந்து பார்க்கலாம், கூடவே சேர்ந்தும் செய்யலாம். நானும் என் வீட்டுக்காரரும் பயிற்சிக் காரிலேயே கிளம்பிப் போனோம்.

காலையில் பெற்றோருக்காக ஒரு மாதிரி வகுப்பு. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு பேராசிரியை அருமையாக விளக்கினார். என் வீட்டுக்காரர் முதல் நட்சத்திரம் பிறப்பதற்குள் தூங்கிவிட்டார். அவர் பிளம்பர். உட்கார்ந்தால் தூங்குவார், நின்றால் குழாயைப் பார்ப்பார். ஹாஸ்டலுக்குப் போனோம். மகள் அறையில் துணிமணி எல்லாம் அழகாக மடித்து அலமாரியில் இருந்தது. அதை நம்புகிற ஆளா நான்? கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், மீதித் துணி மூட்டையாக அங்கே கிடந்தது. திரும்பினால் இவரைக் காணோம். நடைபாதை முனையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். குடும்ப நாளுக்குச் சட்டைப் பையில் ஸ்பேனரோடு வருகிற மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அப்புறம் குடும்பமாக உட்கார்ந்து பீங்கான் கோப்பைக்கு வண்ணம் தீட்டினோம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம், உடம்பின் கனம் அப்படி. எல்லாவற்றிலும் மகள் கூடவே இருந்தாள், ஆனால் அவள் மனசு அங்கே இல்லை. கோப்பையில் ஒரே இடத்தில் மூன்று தடவை நீலம் பூசினாள்.

"அம்மா, மதியம் ஒரு வேலை இருக்கு. அதுக்கு நீ வேணும்" என்றாள்.

"நானா? எதுக்கு?"

"வா, காட்டுறேன்."

பொறியியல் கட்டடத்தின் பின்னால் இருந்த ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு கார் நின்றது. கதவு இல்லை, கூரை இல்லை, இரண்டு சீட். பேட்டரியில் ஓடுவது, மாணவர்களே செய்தது. அடுத்த மாதம் பல பல்கலைக்கழகங்கள் கலந்துகொள்ளும் பந்தயத்தில் ஓடப் போகிறதாம். ஓட்டுவதற்கு ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள். பலரைக் கழித்துக் கட்டியபின் மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒன்று என் மகள், இன்னொருவன் அவளோடு படிக்கும், எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடும் ஒரு பையன். இருவரில் யார் என்று இன்றைக்கு, குடும்பங்களுக்கு முன்னால் முடிவாகும்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். அவள்தான் குழுவின் கேப்டன்.

"எங்க டீம்ல ஒரு வழக்கம் இருக்கு ஆன்ட்டி. வீட்டுல யார் பக்கத்துல உக்காந்தா வண்டி ஓட்டுறது ரொம்பக் கஷ்டமோ, அவங்களை உக்கார வச்சு ஒரு ரவுண்டு வரணும். முன்னாடி விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தின டம்ளர் இருக்கும். யாரு அதிகத் தண்ணியோட திரும்பி வர்றாங்களோ அவங்கதான் டிரைவர். ஆனா ஊர்ந்து ஊர்ந்து வந்தா செல்லாது. வீட்டு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பதறாம ஓட்டிட்டா, பந்தயத்துல யார் வந்து இடிச்சாலும் பதற மாட்டாங்கல்ல?"

நல்ல யோசனைதான். எனக்கே ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் முதல் பாதி காதில் ஏறியது.

"ரொம்பக் கஷ்டமான ஆளா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளைப் பெற்ற அப்பா மேற்கூரையில் ஓடிய குழாய்களை ஆராய்ந்தார். "என்னைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சமாவது யோசிச்சியா?"

"இல்லம்மா. யோசிக்கவே இல்ல."

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காரை வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானத்தில் கைதட்டல் கேட்டது. நெட்டையன் கிளம்பிவிட்டான்.

விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பாதை போட்டிருந்தார்கள். மூன்று வளைவு, கடைசி வளைவு மகா மோசம். நெட்டையன் பக்கத்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடி அவன் அத்தை. முதல் வளைவில் அந்தம்மா போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. இரண்டாவது வளைவில் அவன் காதைப் பிடித்துக்கொண்டார். வண்டி வந்து நின்றபோது டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. மீதிப் பாதி அத்தையின் மடியில் இருந்தது. "பையன் நல்லாத்தான் ஓட்டுறான், பாதைதான் வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அடுத்து நாங்கள். ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு குனிந்தால், என் காலடியில் ஒரு பெடல்.

"என்னடி இது?"

"உன் பிரேக். நானே வச்சேன். உன் கால் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். வேணும்னா மிதிச்சுக்கோ."

எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் என் பெண், என் அருமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குளிர்ச்சி டம்ளரைப் பார்க்கும் வரைக்கும்தான் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர் நின்றது. நான் ஒருமுறை அழுத்தி மிதித்தால் போதும், அத்தனையும் கொட்டிவிடும். ஸ்டியரிங் அவள் கையில் இருக்கிறது, ஆனால் அவள் ஆசைப்பட்டது என் காலுக்கு அடியில் இருக்கிறது. நாற்சந்தியில் நடந்தது இங்கே இத்தனை பேர் முன்னால் நடந்தால், இறங்கிப் போகிறவள் இந்தமுறை திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன்.

"வேண்டாம்டி, இதைக் கழட்டிடு."

"நேரமாச்சும்மா" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

நான் காலைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். முதல் வளைவில் அவள் அழகாகத்தான் திரும்பினாள். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தது, கொட்டவில்லை. பரவாயில்லை, யாரோ ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வளைவு நெருங்கியதும் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, பெடல் மேல் வைத்து அழுத்தினேன். வண்டியும் மெதுவாகத் தணிந்து, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித் திரும்பியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பார்த்தீர்களா, அந்த இடத்தில் நான் தேவைப்பட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓட்டுகிறோம் என்றே நினைத்துவிட்டேன்.

அடுத்து நேர்ப்பாதை. அவள் வேகத்தைக் கூட்டினாள். அப்போதுதான் அந்த மனிதரைப் பார்த்தேன். மொத்தக் குடும்பத்தையும் ஒரே போட்டோவில் அடக்குவதற்காகச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்து வந்தார். குடும்பம் பெரியது. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று வந்து, கயிற்றையும் தாண்டிப் பாதைக்குள் காலை வைத்தார்.

மிதித்தேன். இத்தனை வருஷ அனுபவத்தையும் சேர்த்து, தரையோடு தரையாக மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று, தண்ணீர் போயிற்று, மகளும் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஹாரன் சத்தம், யாரோ குதித்து விலகும் சத்தம். கண்ணைத் திறந்தால் வண்டி நிதானமாகத் தணிந்து, அந்த மனிதரைக் கடந்து, மறுபடி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. டம்ளர் விளிம்பில் தண்ணீர் நடுங்கி நின்றது. என் கால் மட்டும் இன்னும் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தேன், பெடல் தானாக மேலே வந்தது. மறுபடி மிதித்தேன், ஆளில்லாத வீட்டு அழைப்பு மணி மாதிரி யாரும் கேட்கவில்லை.

"இது எதோடயும் சேரலையா?"

"இல்லம்மா. சேர்ந்திருந்தா இப்ப நீ குளிச்சு முடிச்சிருப்ப."

"அப்ப ரெண்டாவது வளைவுல நான் மிதிச்சதும் வண்டி தணிஞ்சுதே?"

"நானும் மிதிச்சேன்."

"எப்ப?"

"உனக்குக் கொஞ்சம் முன்னாடி."

எனக்கு வந்த கோபத்தில் பெடலையே பிடுங்கி எறிந்திருப்பேன். குழந்தை அழாமல் இருக்கக் கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல, எனக்கு ஒரு பெடலைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள்! ஆனால் அந்தக் கோபத்தோடு இன்னொன்றும் வந்தது. எனக்கு முன்னாடி. வளைவில் மட்டுமா, என் கால் அசைவதற்கும் முன்னாடி அவள் அந்த போட்டோ ஆளையும் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய ஒருவரும் என்னை முந்திக்கொண்டு மிதித்ததில்லை. பெருமையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் அதைத் துடைக்க வழியில்லை.

"இப்படி மிதிக்க யார்டி கத்துக்குடுத்தா?" என்று கேட்டேன்.

"பாதி வரைக்கும் நீதான்."

கடைசி வளைவு வந்தது. காலை அந்தப் பொய்ப் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். அது எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. தவிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாதையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். எதற்கும் பதறாத முகம். யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

டம்ளரில் ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை. குழுவே அவளைத் தூக்கிக்கொண்டு ஆடியது. நெட்டையன் வந்து அவளுக்குக் கைகொடுத்துவிட்டு, அத்தையின் புடவையைக் காயவைக்க விசிறி தேடிப் போனான். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "டீச்சரம்மா, நீ பிரேக் போட்டியா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை போட்டேன்" என்றேன். மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் மூன்று பேருமாக வெளியே சாப்பிடப் போகலாம் என்று கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். நான் சாவியை அவள் கையில் கொடுத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், அப்புறம் என் பக்கத்து பிரேக்கைப் பார்த்தாள்.

"அம்மா, இது நிஜ பிரேக்."

"எனக்குத் தெரியாதா? ஏறு."

பல்கலைக்கழக வாசலை ஒட்டி ஒரு நாற்சந்தி. குடும்பங்கள் எல்லாம் வீடு திரும்புகிற நேரம், நாலு பக்கமும் வண்டிகள். அவள் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பின் சீட்டிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, காலைக் காணோம்?"

"மேல இருக்கு. நீங்க பேசாம தூங்குங்க."

வலது பக்கம் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. நானாக இருந்தால் நின்றிருப்பேன். அவள் போனாள். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, அவள் கியரும் மாற்றிய பிறகுதான் வேன் நாற்சந்திக்கே வந்தது. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"இனிமே நீ தனியாப் போகலாம்" என்றேன்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப போய் இதைச் சொல்றியேம்மா, ரோடு மங்கலாத் தெரியுது."

"அப்ப ஓரமா நிறுத்து. கண்ணைத் துடைச்சிட்டு ஓட்டு."

நிறுத்தினாள், துடைத்துக்கொண்டாள், இன்டிகேட்டர் போட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். சாப்பாட்டுக் கடை வருவதற்குள் என் கால் இரண்டும் மரத்துப் போய்விட்டது. ஆனாலும் கீழே இறக்கவில்லை. கடை வாசலில் எழுந்து நிற்க முடியாமல் நான் தடுமாற, அவள்தான் சுற்றி வந்து, கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.