ஓடும் கூரை

"மழையை நம்பி வாழ்ந்த காலம் முடிந்துவிட்டது" என்று துணைவேந்தர் கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தியபோது, முதல் துளி தகரத்தில் விழுந்தது.

கடைசி வரிசையில் நின்றிருந்த ஆராய்ச்சி மாணவி தன் சோளப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தகரக் கூரை விழாவுக்காகப் போட்டதல்ல, அவளுடைய சோளத்துக்காகப் போட்டது. தண்டவாளத்தில் உருளும் கூரை. வெயிலில் ஓரமாக நிற்கும். மழை வந்தால் பாத்திகளின் மேல் தள்ளிக்கொண்டு போய் மூடவேண்டும். சொட்டு மழைகூடப் படாமல் எந்தச் சோளம் கதிர் நிரப்புகிறது என்று பார்க்கத்தான் மூன்று வருடமாக அந்தப் புழுதியில் கிடக்கிறாள். இப்போது பால் பிடிக்கிற பருவம். நனைந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஊரே மழை கேட்கும்போது வேண்டாம் என்று கேட்கிற ஒரே ஆள் இவள்தான் என்று விடுதியில் கேலி உண்டு.

வறட்சி மாநாட்டுக்கு வெயில் ஆகாது என்று கண்டுபிடித்த பதிவாளர், நிழலுக்காக இந்தக் கூரையைப் பிடித்தார். அடியில் சோபாக்கள் வந்தன. தூண்களில் 'வறட்சியை வெல்வோம்' பேனர் ஏறியது. "மழை வந்தா சார்?" என்று அவள் கேட்டாள். "இங்கயா? நல்லா ஜோக் அடிக்கிறேம்மா" என்று சிரித்தார். அந்த வட்டாரத்து வறட்சிமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

துணைவேந்தர் அண்ணாந்து பார்த்தார். "பார்த்தீர்களா, நாம் பேசத் தொடங்கியதும் வானமே..." கைதட்டல். மழையையும் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

அவள் சக்கரத்தின் பூட்டுக் கம்பியை உருவினாள்.

"ஏய், என்னம்மா பண்றே? வி.சி. பேசிட்டிருக்காரு!" அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பதறி ஓடிவந்தார்.

"அவர் நனைஞ்சா தலையைத் துவட்டிக்கலாம் சார். இது நனைஞ்சா?"

அவர் பாத்தியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அடுத்த தூணுக்குத் தோள் கொடுத்தார். "யாராவது கேட்டா, நான் தடுக்க வந்தேன்னு சொல்லிடு" என்று முனகிக்கொண்டே தள்ளினார். விடுதியில் கேலி பேசியவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

கூரை கிறீச்சிட்டு நகர்ந்தது. மைக் வயர் அறுந்தது. பேனரும் கூடவே போய்விட்டது. விருந்தினர்கள் நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேல் வானம்தான் இருந்தது. உடனே கொட்டியது.

சோபாக்களை விட்டுவிட்டுக் கூட்டம் கூரையைத் துரத்திக்கொண்டு ஓடியது. பாத்தியின் ஓரத்தில் அவள் கைகளை விரித்து நின்றாள்.

"வழி விடு! உன் தீசிஸ் எப்படிப் பாஸாகுதுன்னு பாக்கறேன்" என்றார் பதிவாளர், தாடையில் நீர் சொட்ட.

"பாருங்க சார். ஆனா அங்கயே நின்னு பாருங்க. சொட்டச் சொட்ட யாரும் உள்ள வரக்கூடாது." துணைவேந்தர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் சார். கோட்டைப் பிழிஞ்சிட்டு வாங்க."

தகரத்தில் மழை முழங்கியது. அதன் அடியில் சோளம் இலைகளைச் சுருட்டிக்கொண்டு, புழுதி கலையாமல் நின்றது. அவள் கூரைக்கு வெளியிலேயே நின்று தன் பின்னலை முறுக்கிப் பிழிந்தாள். துணைவேந்தர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு கோட்டின் மேல் பொத்தானில் கைவைத்தார்.