இதயமும் தசைதான்

1

இந்தக் கதை எனக்கு ஓர் இதயப் பரிசோதனை நிலையத்தின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. போனது என் இரத்த அழுத்தத்துக்காக. வரும்போது அடுத்தவன் இதயத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுத்தாளர்கள் பக்கத்தில் நம்பி உட்காரக் கூடாது.

2

முதல் தொடக்கம்: ‘குன்றென நிமிர்ந்த அம்மாவீரனின் மார்பில் காலம் தன்...’

(வேண்டாம். உடற்பயிற்சிக்கூடச் சுவரொட்டிக்கே இது அதிகம்.)

இரண்டாவது: உடற்பயிற்சிக்கூடத்தில் அவனை ‘மலை’ என்பார்கள். மலைக்குத் தன் முதுகைத் தானே சொறிய முடியாது. தோள் அவ்வளவு பெருத்துவிட்டது. அதனால் வாரம் இருமுறை இடுப்புக்குக் கீழே ஸ்டீராய்டு ஊசி போடுவது மனைவி. சத்து ஊசி என்று சொல்லித்தான் அவளைப் பழக்கியிருந்தான்.

3

“இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு,” என்றார் டாக்டர்.

மலைக்கு முகமெல்லாம் பல். வெளியே வந்து மனைவியிடம், “பாத்தியா, இதயமும் தசைதானே. அதுவும் நல்லா ஏறியிருக்கு,” என்றான்.

“ஏங்க, செவுரு தடிச்சா வீட்டுக்குள்ள எடம் கூடுமா, குறையுமா?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே உள்ளே போய் டாக்டரிடம் ஊசியின் பெயரைச் சொன்னாள். திரும்பி வந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது: இதைத் தொடர்ந்தால் அந்த இதயம் ஒருநாள் நின்றே போகலாம்.

4

எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். அவன் முதுகெல்லாம் பரு, ராவெல்லாம் தூக்கமில்லை, போன மாதம் கோபத்தில் கதவை உடைத்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் தெரியாமலா குத்தினாள்? ‘தெரியாமல்’ என்பதை அடித்து ‘கேட்காமல்’ என்று எழுதினேன். பிறகு அதையும்...

(குத்தச் சொன்னவனை விட்டுவிட்டுக் குத்தினவளை விசாரிக்கிறேன். நல்ல நீதிபதி.)

5

முடிவு ஒன்று: ஆணழகன் போட்டி மேடையில், கைதட்டலுக்கு நடுவே சரிகிறான். (எனக்கு வசதி. அவளுக்கு?)

முடிவு இரண்டு: திருந்தி, ஊர் ஊராகப் போய் அறிவுரை சொல்கிறான். (எழுதிய நானே நம்பவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போட்டிக்கு இருபது நாள். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்கிறான். மருந்து ஏற்றிய ஊசி அவள் கையில்.

“போடும்மா. இந்த ஒரு போட்டிதான்.”

“போன போட்டிக்கும் இதேதான் சொன்னீங்க.”

“நீ போடலேன்னா கூடத்துல எவனாவது போடப்போறான்.”

அது உண்மை. அதற்கு அவள் சொல்ல வேண்டிய பதிலை மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். அவள் இன்னும் அப்படியே நிற்கிறாள். உங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தால் அவளுக்குக் கொடுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் மேடைப் பேச்சு.