அனுப்பாத மஞ்சள் அட்டை

சாப்பாட்டு மேஜையை ஆர்மண்ட் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. வெர்மான்ட் மாநிலத்தின் சாலை வரைபடம் அதன்மேல் விரிந்து கிடக்கிறது. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றபடி சாப்பிடுகிறேன். என் கணவனுக்கு எழுபத்து நான்கு வயது. நுரையீரலில் பாதி வேலை செய்வதில்லை, மூக்கில் எந்நேரமும் ஆக்சிஜன் குழாய். ஆனாலும் கையில் பென்சில் வந்துவிட்டால் பெரிய படைத் தளபதி என்று நினைப்பு.

அக்டோபர் முதல் வாரம் மேப்பிள் மரங்கள் சிவந்து உச்சத்தில் இருக்கும். பத்தொன்பது வருடங்களாக அந்த வாரம், படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் மோட்டார் ஹோம் வண்டியை எடுத்துக்கொண்டு, ஆர்லீன் என்பவள் நடத்தும் ஏரிக்கரை முகாமுக்குப் போகிறோம். பதினாலாம் நம்பர் இடம் எங்களுடையது. வண்டியின் படியில் உட்கார்ந்தால் எதிர்க்கரை முழுதும் தீப்பிடித்த மாதிரி தெரியும். இது கடைசித் தடவை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

"கூரை போட்ட மரப்பாலம் ஒண்ணு வழியில இருக்கு, தெரேஸ். அத சுத்திட்டுப் போகணும். நம்ம வண்டி உசரம் பதினோரு அடி எட்டு அங்குலம். மனசுல வச்சுக்கோ, இந்தத் தடவ ஓட்டப்போறது நீ" என்றான்.

"பத்தொம்பது வருஷம் நீ ஓட்டின. மூணு மரக்கிளை, ஒரு தபால் பெட்டிய இடிச்ச. நான் அதவிட மோசமாவா ஓட்டிடுவேன்?"

சிரித்தான். சிரித்தால் இருமல் வரும், வந்தது. இருமல் அடங்கியதும் வரைபடத்தில் ஏரிக்கரையைச் சுற்றி வட்டம் போட்டு 14 என்று எழுதினான். நான் தட்டைக் கழுவத் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் பதினாலு இப்போது எங்களுடையது இல்லை.

ஆர்லீனின் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் திரும்பும் காலையில் கையில் ஒரு மஞ்சள் அட்டை தருவாள். ஜனவரி முடிவதற்குள் அதில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருடமும் அதே இடம். அனுப்பாவிட்டால் காத்திருக்கும் பட்டியலில் முதல் ஆளுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் ஏழெட்டு வருடம் காத்திருப்பவர்கள்கூட உண்டு.

போன ஜனவரியில் ஆர்மண்ட் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். தொண்டைக்குள் குழாய் வைத்துப் பதினாறு நாள். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நானும் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்ணாகத் திடப்படுத்திக்கொண்டேன். சவப்பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட அவனுடைய கறுப்பு கோட்டைச் சலவைக்குப் போட்டேன். மஞ்சள் அட்டையைப் பார்த்தேன், இனி எதற்கு என்று அலமாரி இழுப்பறையில் போட்டு மூடினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி அவன் கண்ணைத் திறந்து காபி கேட்டான்.

அன்றே ஆர்லீனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? என்ன காரணம் சொல்வது? இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று செப்டம்பர் வந்துவிட்டது.

வேறு எங்காவது வண்டியை நிறுத்தலாமே என்றால் முடியாது. ராத்திரி முழுதும் ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். அதன் பேட்டரி நாலு மணி நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டரை, மின்சாரம் இல்லாத காட்டு முகாம்களில், இரவு எட்டு மணிக்கு அணைக்கச் சொல்லிவிடுவார்கள். ஆகவே மின்சார இணைப்புள்ள இடம்தான் வேண்டும், அதையெல்லாம் ஜனங்கள் ஒரு வருடம் முன்பே பிடித்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் வண்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, தினமும் அதற்குள் உட்கார்ந்து போன் செய்தேன். முப்பத்தொரு இடம். சிலர் அன்பாக இல்லை என்றார்கள், சிலர் கேலியாகச் சிரித்தார்கள். ஒருத்தி அடுத்த வருடம் முயற்சி செய்யுங்கள் என்றாள். அவளை நேரில் பார்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை வேறு வழியில்லாமல் வண்டிக்குள்ளிருந்து ஆர்லீனையே கூப்பிட்டேன். பதினாலு பாஸ்டன்காரர்களுக்குப் போய்விட்டது, மற்ற இடங்களும் நிறைந்துவிட்டன என்றாள். பிறகு தயங்கியபடி கேட்டாள், "ஏன் அட்டைய அனுப்பல? எங்க மேல எதுவும் கோவமா?"

எட்டு மாதமாக மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டது.

"அவன் செத்துடுவான்னு நெனச்சேன், ஆர்லீன். சாகவே இல்லாத ஆள நான் புதைச்சுட்டேன். இப்ப அவன் தெனமும் மேப்ல பதினாலுன்னு எழுதுறான். எங்கயாச்சும் ஒரு ப்ளக் குடுங்க. உங்க கால்ல விழுறேன்."

ஆர்லீன் சொன்னாள், வண்டிகளின் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், அவளுடைய பட்டறைச் சுவரில் ஒரு மின் இணைப்பு இருக்கிறதாம். ஏரி தெரியாது, ஒரு மரம்கூடத் தெரியாது. எல்லா வண்டிகளும் அங்கே வந்துதான் கழிவைக் கொட்டும், நாற்றம் தாங்காது. உங்களுக்கு அதைத் தர எனக்கே வெட்கமாக இருக்கிறது என்றாள்.

அப்போதுதான் வண்டியின் படியில் ஆர்மண்டின் பச்சை ஆக்சிஜன் குழாயைப் பார்த்தேன். அது ஐம்பது அடி நீளம், வீட்டுப் படுக்கையறையில் இருக்கும் மெஷினிலிருந்து இங்கே எட்டாது. அந்தத் தைரியத்தில்தான் நான் இங்கே வந்து பேசுவதே. ஆர்மண்ட் மெஷினையே வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வண்டியின் உயரத்தை இன்னொரு முறை அளக்க அளவு டேப்போடு கதவருகே நின்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"ஆர்லீன், ஆர்மண்ட் பேசுறேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அந்த இடம் போதும். மூக்குலதான் எனக்குக் குழாய் இருக்கே, நாத்தம் தெரியாது. மரம் பாக்கணும்னா நடந்து போயிப் பாத்துக்கறேன்." மறுபடி மூச்சு. "அடுத்த வருஷத்துக்கு மஞ்ச அட்டை குடுப்பீங்கல்ல? அத என் கையில குடுங்க. அவகிட்ட குடுக்காதீங்க."

போனை என் மடியில் வைத்தான். நான் அழுதேன். என்னை மன்னித்துவிடு என்றேன். அவன் டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினான்.

"மேல ஏறி இதப் புடி" என்றான். "சரியா புடி. விட்டுடாத."