முதலிலிருந்து மறுபடியும்

ஏற்காட்டுக் காசநோய் மருந்தகத்தில் தேவகுமாரி ரைட்டர், பதிவேடு எழுதுகிறவள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் ஆபீஸுக்குப் புதுசு வாங்கியதும் பழையதை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். கூடவே பிரிண்டரும் ஒரு சி.டி.யும். அதில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலை செய்யவில்லை என்றால் நாமும் யாரையும் ஏன் என்று கேட்க முடியாது.

மலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். யார் எப்போது வாங்கினார்கள், யார் வராமல் நின்றுவிட்டார்கள் என்பதெல்லாம் நான்கு பெரிய நோட்டுகளில் இருந்தது. நின்றவரைக் கண்டுபிடிக்க நான்கையும் புரட்ட வேண்டும். புரட்டி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். டேட்டாபேஸ் ஒன்று போட்டுவிட்டால் ஒரு வரி அடித்ததும் பெயர்கள் வந்து விழும் என்று லூர்துராஜ் சொல்லியிருந்தான். சேலத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறவன். தேவகுமாரி ஆறு மாசம் சனிக்கிழமை தோறும் மலையிறங்கிப் போய் அவனிடம் படித்தவள். அவளுக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு இருபத்து மூன்று. அவள் அவனை சார் என்பாள், அவன் அவளை அக்கா என்பான்.

லினக்ஸ் ஒரே நாளில் ஏறிவிட்டது. அதே சி.டி.யில் இருந்த டேட்டாபேஸ் ஏறவில்லை. அதை அந்த மெஷினே துண்டு துண்டாகச் செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டளை அடித்தால் திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடும். கால் மணி நேரம் ஓடி, முடியப்போவது போல ஒரு கணம் நிற்கும். பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஓடும். முதல் நாள் ஒன்பது தடவை அப்படி ஓடியது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து லூர்துராஜைக் கூப்பிட்டாள்.

"என்ன எர்ரர் வருதுக்கா?"

"எர்ரரே வர்றதில்லைங்க சார்."

"அப்பறம் என்ன பிரச்சனை?"

"முடியவும் மாட்டேங்குதுங்க."

போனில் கட்டளைகளைச் சொன்னால் கோடு எது, புள்ளி எது என்று விளங்கவில்லை. அதனால் சேலம் பஸ் கண்டக்டர் செல்வராஜ் காலையில் அவள் எழுதிய சீட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்து, சாயங்காலம் பதில் சீட்டோடு மேலே வந்தார். லூர்துராஜ் எழுதியதையெல்லாம் அவள் செய்தாள். மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். மெமரி கார்டைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டச் சொன்னான், துடைத்து மாட்டினாள். அது முதலிலிருந்து மறுபடியும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பக்கத்து வீட்டு அற்புதம் கேட்டாள்: "கம்ப்யூட்டர் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. நிக்கவே மாட்டேங்குது."

அற்புதம் பாராட்டினாள். தேவகுமாரிக்குக் காது சுட்டது. திங்கட்கிழமை ஐந்தாவது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

இருபது நாள் கழித்து, திரையில் ஓடுவதை அப்படியே பிரிண்ட் எடுத்து அனுப்பும்படி லூர்துராஜிடமிருந்து சீட்டு வந்தது. நாற்பத்து மூன்று தாள் வந்தது. அதை மடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போனாள். செல்வராஜ் வாங்கி மேல் தாளைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இது பழசுங்களே."

"நேத்துச் சாயங்காலம் எடுத்ததுங்க."

"தேதி ஜனவரி ஒண்ணு, எண்பதுன்னு போட்டிருக்குதுங்க." மாசம் முந்நூறு பஸ் பாஸில் தேதி பார்க்கிறவர். நாலைந்து தாளைத் தள்ளிப் பார்த்தார். "எல்லாத்துலயும் அதேதானுங்க. இந்தப் பாஸை நானு ஏத்துக்க மாட்டனுங்க."

தேவகுமாரி கட்டைத் திரும்ப வாங்கி நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அந்தத் தேதி. நடுவே, திரையில் கண்ணுக்குச் சிக்காமல் ஓடிப்போன ஒரு எச்சரிக்கை: இந்த ஃபைல் இனிமேல் வரப்போகிற காலத்தைச் சேர்ந்தது. அதே எச்சரிக்கை அறுபத்தெட்டு இடத்தில் இருந்தது. பஸ் போய்விட்டது.

மெஷினுக்குத் தேதி மறக்காமலிருக்க உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது செத்திருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் எண்பதாம் வருஷத்துக்குப் போய்விடும். ஜூன் மழையில் ஏற்காட்டில் தினமும் கரண்ட் போகும். சி.டி.யில் இருந்த ஃபைல்களோ இந்த வருஷத்தவை. அதனால் மெஷின் தான் செய்து முடித்த ஒவ்வொன்றையும் பார்த்து, இது பத்தொன்பது வருஷம் பழசு என்று முடிவு செய்து, பொறுப்பாக மறுபடி செய்துகொண்டிருந்தது.

தேவகுமாரி சரியான தேதியை அடித்துவிட்டு, கட்டளையைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அது மறுபடி ஆரம்பிக்குமோ என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்திருந்தாள். ஆரம்பிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது கரண்ட் போனது.

அடுத்த நாள் செல்வராஜ் சேலத்திலிருந்து புது பேட்டரி வாங்கி வந்தார். "எந்த வாட்ச்சுக்குன்னு கடைக்காரரு கேட்டாருங்க. பெரிய வாட்ச்சுன்னு சொல்லிட்டனுங்க."

நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் உள்ளே ஏற்ற ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஒரு வரி அடித்தாள். ஏழு பெயர் விழுந்தது. முதல் பெயர் கொட்டச்சேடு மாதையன், நாற்பத்தாறு நாளாக மாத்திரை வாங்காதவர். மறுநாளே பஸ் ஏறிப் போனாள். அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நொம்ப நல்லாயிட்டுதுன்னு உட்டுட்டனுங்க," என்றார். "யாரு சொன்னாங்க?"

"கம்ப்யூட்டருங்க."

மாதையன் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "வேற என்ன சொல்லுச்சுங்க?"

"வேற ஒண்ணும் சொல்லலைங்க. திங்கக்கிழமை வந்து சளி டெஸ்டுக்குக் குடுத்துட்டு டாக்டரைப் பாருங்க."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வெளுத்த சட்டையோடு வந்தார். டாக்டரிடம் போகவில்லை, நேராகத் தேவகுமாரியின் மேஜைக்கு வந்து, அதைக் காட்டச் சொன்னார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இது நானுங்களா?"

"நீங்கதானுங்க."

"செரிங்க," என்று சொல்லிவிட்டு, சளி கொடுக்கும் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.